பக்கத்தில் நிற்கிறவள்

உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டதும் நாகஜோதி எழுந்து போனாள். துப்பட்டா நுனி வாய்ப்பக்கம் வரவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முகத்தை நேராக வைத்துக்கொண்டு, எதிரே வந்த ஆளுக்கு வழிவிட்டு, சின்னதாக ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த குருலட்சுமிக்கு அந்தச் சிரிப்புதான் உறுத்தியது. யாரென்றே தெரியாத ஆளுக்கு எதற்கு ஒரு சிரிப்பு? ஆறு மாதத்துக்கு முன்னால் இதே வராந்தாவில் இதே தங்கச்சி துப்பட்டாவை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, 'அக்கா நீயும் உள்ள வாக்கா' என்று அவள் முழங்கையைப் பிடித்தபடி போனவள்தான். இன்றைக்கு, 'நீ இங்கயே இரு, நான் பாத்துட்டு வந்துர்றேன்' என்கிறாள். இருக்கத்தான் செய்கிறாள் குருலட்சுமி. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்கு விடியலில் பஸ் ஏறி, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சென்னையிலிருந்து வந்து நின்றவளைக் கூட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கிற இந்தப் பல் மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோ பிடித்து வந்ததெல்லாம் வெளியே இருப்பதற்குத்தான். உள்ளங்கையில் நாடியை ஏந்திக்கொண்டு முழங்கையைத் தொடையில் ஊன்றி உட்கார்ந்தாள். கன்னத்தில் கை வைத்து உட்காராதே, குடும்பத்துக்கு ஆகாது என்று மாமியார் பதினொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கன்னத்தில் அல்ல, நாடியில்தான் கை, அதுவும் கவலையால் இல்லை, மறைக்கத்தான் என்பதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது. அப்பாவின் தாடை அது. அப்பாவுக்குப் பெயின்ட் கடை. நாராயணசாமி கடை எங்கே என்று கேட்டால் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது, தாடைக்காரர் கடை என்றால் சின்னப் பிள்ளைகூடக் கைகாட்டும். பாதி இழுத்துவிட்ட மேஜை டிராயர் மாதிரி கீழ்த்தாடை முன்னால் வந்து நிற்கும், கீழ்வரிசைப் பல் மேல்வரிசைக்கு வெளியே இருக்கும். அத்தைக்கும் அதே தாடை. ஆண்பிள்ளைக்கு அது ஒரு கம்பீரம் என்றுகூடச் சொல்லிக்கொண்டார்கள். பொம்பளப் பிள்ளைகள் இரண்டுக்கும் வந்தபோதுதான் பேச்சு மாறியது. பூத்தொடுத்த நூலைப் பல்லால் கடித்து அறுக்க முடியாது. கொய்யாப்பழத்தை ஓரப்பல்லில் வைத்துத் திருகிக் கடிக்கவேண்டும். குருலட்சுமிக்கு ஏதோ கொஞ்சம், நாகஜோதிக்கு நிறைய. கல்யாண வீடுகளில் யாராவது பெரியம்மா இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தி, ஒருத்தி முகத்திலிருந்து இன்னொருத்தி முகத்துக்குப் பார்வையை ஓட்டிவிட்டு, ஆறுதலாகச் சொல்லுவாள்: 'மூத்ததுக்குப் பரவால்ல.'

பரவால்ல. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதானே இத்தனை நாள் ஓடியது. இன்றைக்குக் காலையில் அம்மா போன் செய்தபோது குருலட்சுமி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தாடை ஆபரேஷனுக்குப் பிறகு தங்கச்சிக்கு என்று இட்லியை மிக்சியில் அடித்து எடுத்துப்போன காலம் போய், இப்போது முழு இட்லியே டப்பாவில் மடியில் சூடாக இருந்தது. அம்மா முதலில் பஸ் கிடைத்ததா என்றாள். பிறகு மழை பெய்ததா என்றாள். பிறகு, 'ஏ குரு, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே' என்றாள். கோவிக்கவேண்டிய விஷயம்தான் வருகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. 'நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரங்க ஜோதியப் பாக்க வாராங்கள்ல, நீ வரவேணாம்மா. பிள்ள மிருதுளாவுக்குப் பரீட்சைன்னு சொல்லிக்கிடலாம்.' ஏன் என்று குருலட்சுமி கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. 'அப்பா வேற காலமாயிட்டாரு, போட்டோவும் நான் பீரோவுல எடுத்து வச்சுட்டேன்' என்று அம்மா சம்பந்தமில்லாமல் ஒன்று சொன்னாள், சொன்ன பிறகுதான் அதிலிருந்த சம்பந்தம் குருலட்சுமிக்கு உறைத்தது. அப்பா போட்டோ பீரோவுக்குள், மூத்த மகள் அருப்புக்கோட்டையில் இன்னொரு தெருவிலிருக்கிற வீட்டுக்குள். இரண்டு தாடையையும் எடுத்து வைத்துவிட்டால் வீடு சுத்தமாகிவிடும். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து ஜோதியின் முகத்தைப் பார்ப்பார்கள், இந்த முகம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது. சரிம்மா என்றுதான் சொன்னாள். வேறென்ன சொல்ல. பக்கத்து சீட்டுக்காரி கேட்டுக்கொண்டிருந்தாள். சரிம்மா என்று சொன்ன வாய் அதற்குப் பிறகு இத்தனை நேரமும் கசந்துகொண்டே இருக்கிறது.

யார் பார்த்துக்கொண்டது ஜோதியை? ஆபரேஷன் முடிந்து முகம் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தபோது, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ரப்பர் போட்டுக் கட்டிவைத்திருந்தபோது, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே சிரிஞ்சை நுழைத்துச் சத்துமாவுக் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக இறக்கியது யார்? அம்மாவுக்கு ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். லீவு போட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தது குருலட்சுமிதான். ஜோதி பேசமுடியாமல் செல்போனில் எழுதிக் காட்டுவாள், வலிக்குதுக்கா என்று, பயமா இருக்குக்கா என்று. அப்போது இந்தக் கசப்பு எதுவும் இல்லை என்பது சத்தியம். அந்த வீங்கின முகத்தை எவ்வளவு ஆசையாகத் துடைத்துவிட்டாள். வீக்கம் வடிய வடியத்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு வாரமும் அந்த வீக்கத்துக்குள்ளிருந்து யாரோ ஒருத்தி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் ஜோதி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தலை துவட்டினாள், நெற்றியிலிருந்து மூக்கு, மூக்கிலிருந்து உதடு, உதட்டிலிருந்து நாடி என்று கோடு எங்கேயும் தட்டாமல் இறங்கியது. குருலட்சுமி கையில் பால் டம்ளரோடு நின்றாள். அழகாக இருக்கிறாள் என்று தோன்றிய அதே நொடியில், இவள் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றும் தோன்றியது. பிறகு வீட்டுக்காரர் சௌந்தர் ஒருநாள் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: 'உன் தங்கச்சி ஆளே மாறிட்டாளே. உன்னையும் ஒருக்கா டாக்டர்ட்ட காமிச்சா என்ன?' அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் விஷயம். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். உன்னையும். அந்த 'யும்' எங்கேயிருந்து வந்தது? பதினொரு வருஷம் அவர் வாயில் அது இருந்ததே இல்லை. இருந்து சொல்லாமல் இருந்தாரா, இல்லை ஜோதியைப் பார்த்த பிறகுதான் முளைத்ததா? மகள் மிருதுளா அதைக் கேட்டுக்கொண்டு, 'அம்மா, உனக்கு எப்பம்மா ஆபரேஷன்?' என்றாள், ஏதோ வாக்சின் போடுகிற மாதிரி. அதற்குப் பிறகு குருலட்சுமி ஒருதடவை ஜோதியின் டாக்டரிடம் தனக்கும் வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள், தங்கச்சிக்கு மருந்து எழுதிக்கொண்டிருந்தபோது, விளையாட்டுக்குக் கேட்கிற மாதிரி, சிரித்துக்கொண்டே. அவர் அவள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். 'உங்களுக்கு பார்டர்ல இருக்கும்மா. வேணும்னா பண்ணிக்கலாம். பண்ணியே ஆகணும்னு நான் சொல்லமாட்டேன்.' வேண்டும் என்று சொல்லியிருந்தால் அழுதிருக்கலாம், வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தலை நிமிர்ந்து வந்திருக்கலாம். பார்டரில் நிற்கிறவள் என்ன செய்யவேண்டும்? ஜோதிக்குச் சாப்பிடவே முடியவில்லை, பல் தேய்ந்துகொண்டே வந்தது, அவளுக்குக் கட்டாயம். அவளுக்கு வியாதி, வியாதிக்கு வைத்தியம். இவளுக்கு வியாதியும் இல்லை, வைத்தியமும் இல்லை, வெறும் முகம்தான்.

'அக்கா, ஒரு பத்து நிமிஷம் இருக்குமா?' என்று குரல் கேட்டது. வெள்ளைக் கோட்டு போட்ட பெண், தலையில் சாம்பல் நிற முக்காடு, மாரோடு அணைத்த டேப்லெட். கோட்டில் ஃபர்ஹானா என்று பெயர் குத்தியிருந்தது. மேல்படிப்பு படிக்கிறாளாம், ஆராய்ச்சிக்குப் பொதுமக்களிடம் சில படங்களைக் காட்டிக் கருத்துக் கேட்கிறாளாம், பெயர் எல்லாம் வேண்டாமாம். கண்ணாடிக் கதவு இன்னும் மூடித்தான் இருந்தது. குருலட்சுமி நாடியிலிருந்து கையை எடுத்து, உடனே தன் முகம் அந்தப் பெண்ணுக்கு முன்னால் திறந்து கிடப்பது போலக் கூசி, முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் கொஞ்சம் திரும்பிக்கொண்டாள். 'என்ன படம்மா?' ஃபர்ஹானா பக்கத்தில் உட்கார்ந்து காட்டினாள். கறுப்புக் காகிதத்தில் வெட்டியெடுத்த மாதிரி ஒரு பெண்ணின் பக்கவாட்டு நிழல். 'எல்லாமே ஒரே பொண்ணுதான்கா. நெத்தி, மூக்கு எதையும் மாத்தல. கீழ்த்தாடைய மட்டும் கொஞ்சம் முன்னாடி தள்ளி, கொஞ்சம் பின்னாடி தள்ளி வரைஞ்சிருக்கோம். பாத்துட்டு, இந்த முகம் உங்களோடதா இருந்தா ஆபரேஷன் தேவையா, தேவையில்லையான்னு தொடுங்க. அவ்வளவுதான்.' அவ்வளவுதானாம். குருலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கேள்விக்கு அவள் முப்பத்துமூன்று வருஷமாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள், இந்தப் பெண்ணுக்குப் பத்து நிமிஷத்தில் வேண்டுமாம். முதல் படம் ஏதோ சுமாராக இருந்தது, தேவையில்லை. அடுத்ததில் தாடை நன்றாக உள்ளே போய்க் கழுத்தோடு சேர்ந்திருந்தது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சருக்கு அப்படித்தான், பாவம், தேவை. அதற்கடுத்தது வந்தது. அது ஜோதி. பழைய ஜோதி. மூக்கும் வேறு, நெற்றியும் வேறு, ஆனாலும் அந்தத் தாடை ஜோதியுடையது, வாய்க்குள் வார்த்தை முட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி கீழுதடு முன்னால் வந்திருக்கிற அந்த நிற்பு. தேவை என்று தொட்டாள். தொட்டதும் அடுத்த படம் வந்தது, அப்பாடா என்றிருந்தது, தாடை கொஞ்சமாக முன்னால், பார்க்க லட்சணமாகவே இருந்தது. இதற்கெல்லாம் யாராவது எலும்பை அறுப்பார்களா? தேவையில்லை. இப்படிப் போய்க்கொண்டே இருந்தது, கதவு திறக்கவில்லை, எங்கேயோ ஒரு குழந்தை பல் பிடுங்கும் அறையில் வீறிட்டது. பிறகு நேரான முகம் வந்தது. கோடு எங்கேயும் தட்டாமல் இறங்குகிற முகம். ஜன்னலோரம் தலை துவட்டின முகம். குருலட்சுமி அதை ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், குருடனுக்கும் தெரியும் இதற்கு என்ன பதில் என்று. விரல் போய் 'தேவை'யைத் தொட்டது. தொட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஃபர்ஹானா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நாளைக்கு எங்கேயோ ஒரு கட்டுரையில், ஒரு பெண்மணி அழகான முகத்துக்கு ஆபரேஷன் தேவை என்றாள் என்று ஒரு புள்ளி விழும், அது யார் என்று யாருக்கும் தெரியாது. திருடினது மாதிரி இருந்தது, நன்றாகவும் இருந்தது. அடுத்த படத்தில் தாடை முன்னால் துருத்திக்கொண்டு நின்றது, அசிங்கமாக இருந்தது, யோசிக்காமல் 'தேவை' என்று தொட்டாள்.

'முடிஞ்சதுக்கா. ரொம்ப தேங்க்ஸ்' என்ற ஃபர்ஹானா டேப்லெட்டை மூடப் போனாள். பிறகு, குருலட்சுமியின் முகத்தில் என்ன கண்டாளோ, 'ஒண்ணு காட்டவா, நாங்க கேள்வி முடிஞ்சப்புறம் எல்லாருக்கும் காட்டுவோம்' என்று இரண்டு நிழல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். 'இது ரெண்டும் ஒரே படம்கா. நீங்க மாறாமச் சொல்றீங்களான்னு பாக்கிறதுக்காக ரெண்டு தடவ வச்சிருக்கோம்.' ஒன்றில் தேவையில்லை என்று இருந்தது, இன்னொன்றில் தேவை. குருலட்சுமி மாறி மாறிப் பார்த்தாள். ஒன்று லட்சணமாக இருந்தது, ஒன்று அசிங்கமாக இருந்தது, இப்போது இரண்டும் ஒன்றுதான் என்கிறாள். 'தப்பாச் சொல்லிட்டேனா? அழிச்சிரும்மா' என்றாள் பதறி. 'ஐயோ, தப்பு ரைட்டுன்னு இதுல ஒண்ணுமே இல்லக்கா. முக்கால்வாசிப் பேரு இப்படித்தான் சொல்றாங்க. முன்னாடி ரொம்ப துருத்தின படம் வந்துச்சா, அடுத்து வர்றது பரவால்லன்னு தோணும். முன்னாடி நேரான படம் வந்துச்சுன்னா அதே முகத்துக்கு ஆபரேஷன் பண்ணணும்னு தோணும். அதனாலதான் கலைச்சுக் கலைச்சுக் காட்டுறோம்.' அவள் எழுந்து அடுத்த பெஞ்சில் இருந்த பெரியவரிடம் போய்விட்டாள், ஐயா ஒரு பத்து நிமிஷம் இருக்குமா என்று. குருலட்சுமி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். பரவால்லன்னு தோணும். பரவால்ல. அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும் அந்தச் சொல். நினைவு முட்டிக்கொண்டு வந்தது, அவள் கூப்பிடாமலே வந்தது, சௌந்தர் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்த நாள். நாகஜோதிக்கு அப்போது பதினைந்து வயது. வயசுக்கு வந்த தங்கச்சியைப் பெண் பார்க்கிற இடத்தில் யாரும் முன்னால் விடமாட்டார்கள், அத்தைகூடச் சொன்னாள், சின்னவள உள்ள இருக்கச் சொல்லு என்று. அம்மா கேட்கவில்லை. காப்பித் தட்டை ஜோதி கையில் கொடுத்து, 'அக்கா பக்கத்துலயே நின்னுக்கோடி, அவளுக்குப் பயமா இருக்கும்' என்று அனுப்பினாள். ஜோதியும் பட்டுப்பாவாடை சரசரக்கச் சந்தோஷமாக வந்து நின்றாள். சௌந்தரின் அம்மா காப்பியை எடுத்துக்கொண்டு முதலில் சின்னவளைப் பார்த்தாள், பிறகு பெரியவளைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும்போது நடுவில் தளர்ந்ததைக் குருலட்சுமி தன் கண்ணாலே பார்த்தாள். அது அன்றைக்கே தெரியும் அவளுக்கு. தெரியாது என்று இத்தனை வருஷம் வைத்திருந்தாள். அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு போட்டோவிலும் ஜோதியை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டது பாசத்தால்தான் என்று நினைத்திருந்தாள். பாசமும்தான். பாசம் மட்டும்தானா? வளைகாப்பில், காதுகுத்தில், ஜோதி எங்கே, ஜோதிய வரச்சொல்லு, அவ இல்லாம போட்டோவா. முன்னாடி துருத்தின படம் ஒன்று வேண்டியிருந்தது. இப்போது அந்தப் படம் நேராகிவிட்டது. இனி யார் பக்கத்தில் யார் நிற்பது? இதுதான் பொறாமை என்றால் இது வெறும் அழகைப் பார்த்து வந்த பொறாமை இல்லை, ரயிலில் தன்னைச் சீட்டிலிருந்து எழுப்பிவிட்டு வேறு யாரோ உட்கார்ந்துகொண்ட மாதிரி ஒரு வயிற்றெரிச்சல், அதுவும் அந்த சீட்டு ஒருநாளும் தன்னுடையதாக இருந்ததில்லை என்று இப்போதுதான் யாரோ வந்து சொன்ன மாதிரி.

நாளைக்குப் போனால் என்ன? அந்த எண்ணம் வந்ததும் முதுகு நிமிர்ந்தது. கூப்பிடாவிட்டால் என்ன, பிறந்த வீடுதானே. மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, வாங்க வாங்க என்று வாசலில் நின்றே வரவேற்கலாம். ஒன்றும் பேசவேண்டாம், யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம். சும்மா ஜோதியின் பக்கத்தில் போய் நின்றால் போதும். மாப்பிள்ளையின் அம்மா காப்பியை எடுத்துக்கொண்டு தங்கையைப் பார்ப்பாள், அக்காவைப் பார்ப்பாள், மறுபடி தங்கையைப் பார்ப்பாள், இந்தத் தடவை பார்வை தளராது, இறுகும். கணக்குப் போடுவாள். இவளுக்கு இப்படி இருக்கிறதே, அவளுக்கு மட்டும் எப்படி, பிறக்கிற பிள்ளைக்கு எப்படி. குருலட்சுமி அந்தக் காட்சியை மனதுக்குள் ஒருதடவை ஓட்டினாள், இன்னொருதடவை ஓட்டினாள், இனிப்பாக இருந்தது. மூன்றாவது தடவை ஓட்டும்போது அந்த அம்மாள் கேட்கிற பிள்ளையின் முகத்துக்கு மிருதுளாவின் முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்பது வயதுப் பிள்ளை, இன்னும் வளர்கிற எலும்பு, போன மாதம் கண்ணாடி முன்னால் நின்று தன் நாடியை விரலால் உள்ளே தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குருலட்சுமி அதைப் பார்த்தும் பார்க்காதது போல அடுப்படிக்குப் போய்விட்டாள். காட்சி அறுந்துவிட்டது. ஆனாலும் போவேன் என்று நினைத்தாள், போகமாட்டேன் என்று நினைத்தாள், போவேன் என்று நினைத்தாள். கண்ணாடிக் கதவு திறந்தது.

நாகஜோதியின் கண் சிவந்திருந்தது. 'போலாமாக்கா' என்றாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பதற்குள் முன்னால் நடந்தாள். கல்லூரி வாசலில் புங்கமரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது, ஆட்டோ எதுவும் இல்லை. குருலட்சுமி இட்லி டப்பாவைத் திறந்து நீட்டினாள். ஜோதி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுச் சொன்னாள்:

'கண்ண மூடச் சொல்லி பஞ்சால தொட்டுத் தொட்டுப் பாத்தாருக்கா. தொடும்போது சொல்லணுமாம். இடது பக்கம் சொல்லிட்டேன். வலது பக்கம் கீழுதட்டுலேர்ந்து நாடி வரைக்கும் அவரு எப்பத் தொட்டாரு, எப்ப எடுத்தாரு, ஒண்ணுமே தெரியல. இன்னும் கொஞ்ச நாள் பாப்போம், திரும்பலன்னா இப்படியேதான்னு சொல்றாரு.'

'மரத்துப்போனது சரியாயிருச்சுன்னு சொன்னியேடி?'

'பொய் சொன்னேன். எல்லாரும் அழகாயிட்ட, அழகாயிட்டன்னு சொல்லும்போது அதப் போய் எப்படிச் சொல்றது? ஆபீஸ்ல காப்பி குடிச்சா ஒழுகுறது எனக்குத் தெரியாது. எதுத்தாப்ல இருக்கவங்க கண்ணப் பாத்துத்தான் தொடச்சுக்கிறேன்.'

நல்லா வேணும் என்று குருலட்சுமிக்குள் ஒரு குரல் சொன்னது. எவ்வளவு சீக்கிரம் சொன்னது. அடிபட்டவளைப் பார்த்து ஐயோ என்பதற்கு முன்னால் சொல்லிவிட்டது, அவளுக்கே காது சுட்டது. யாராவது கேட்டிருப்பார்களோ என்பது போல ரோட்டைப் பார்த்தாள். அந்தக் குரலை அமுக்குவதற்காகவோ என்னவோ, கேட்கக்கூடாது என்று காலையிலிருந்து வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

'அம்மா நாளைக்கு என்னைய வரவேணாம்னாங்க. உனக்குத் தெரியுமா?'

தெரியாது என்று சொல்லு, தெரியாது என்று சொல்லு என்று குருலட்சுமி மனதுக்குள் கெஞ்சினாள்.

'நாந்தான்கா சொல்லச் சொன்னேன்.'

'நானும் அப்பா போட்டோவும் இருந்தா குட்டு வெளிப்பட்டுரும்னா?'

'போட்டோவ எடுத்து வச்சது அம்மா வேல, அது எனக்குத் தெரியாது. நாளைக்கு வர்றவர்ட்ட நான் போன்லயே எல்லாம் சொல்லிட்டேன். பழைய போட்டோகூட அனுப்பிட்டேன். அவங்க அம்மாவுக்கும் தெரியும்.'

'அப்புறம் எதுக்குடி நான் வரக்கூடாது?'

ஜோதி தன் நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், அங்கே இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. 'நீ பக்கத்துல நின்னா எனக்கு இன்னும் பழைய தாடைதான்கா இருக்கு. கண்ணாடியில போயிருச்சு. உன் பக்கத்துல நின்னா வந்துருது. சின்னப் பிள்ளையிலேர்ந்து உன்னப் பாத்துத்தான எனக்கு எவ்வளவு மோசம்னு தெரிஞ்சுக்குவேன். உனக்கு மாதிரி இருந்தாப் போதும்னு சாமிகிட்ட கேட்டிருக்கேன், தெரியுமா? நேராக்கூட வேணாம். உனக்கு மாதிரி. ஒரே ஒரு நாள் அவங்க என்னத் தனியாப் பாக்கட்டும்கா. நீ இருந்தா நான் குனிஞ்சிருவேன்.'

குருலட்சுமியின் தாடையைக் கேட்டு ஒருத்தி சாமி கும்பிட்டிருக்கிறாள். பார்டரில் நிற்கிற இந்தத் தாடையை. சௌந்தர் டாக்டரிடம் காட்டச் சொன்ன தாடையை. சற்று முன்னால் அவளே அசிங்கம் என்று தொட்டுவிட்டு வந்த தாடையை. சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாத சந்தோஷம், வெயில் முதுகில் ஏறுகிற மாதிரி ஏறியது. கூடவே, இனிமேல் அப்படிக் கும்பிட யாருமில்லை என்பதும் ஏறியது. தான் இவளைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தின போட்டோக்களை எல்லாம் இவள் என்னவென்று பார்த்திருப்பாள்?

'வரலடி' என்றாள். 'மிருதுளாவுக்குப் பரீட்சை.'

ஜோதி சிரித்தாள். சிரிக்கும்போது வலது ஓரத்தில் ஒரு துளி எச்சில் பளபளத்து நின்றது. அவளுக்குத் தெரியவில்லை. குருலட்சுமி அதையே பார்த்தாள், தான் சொல்லும் வரை அது அங்கே நிற்கும், யார் பார்த்தாலும் நிற்கும் என்று பார்த்தாள். பிறகு முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

'டாக்டர் பாத்த மாதிரி நானும் பாக்கவா? கண்ண மூடு. தொட்டாச் சொல்லு.'

'உனக்கு எதுக்குக்கா?'

'மூடு.'

நாகஜோதி கண்ணை மூடி முகத்தைத் தூக்கிக் காட்டினாள். புங்க இலையின் நிழல் அந்த முகத்தில் அசைந்தது. குருலட்சுமி ஆள்காட்டி விரலை மெதுவாகக் கொண்டுபோய், கீழுதட்டுக்கும் நாடிக்கும் நடுவில் வலது பக்கத்தில் வைத்தாள். வழுவழுவென்று, இளஞ்சூடாக, உயிரோடுதான் இருந்தது. இத்தனை மாதமாக ஏங்கி ஏங்கிப் பார்த்த இடம். விரலை எடுக்காமல் கோட்டின் மேலே கொஞ்சம் போனாள், கீழே கொஞ்சம் வந்தாள். ஜோதியின் இமைகூட அசையவில்லை, நல்ல பிள்ளையாகக் காத்துக்கொண்டிருந்தாள்.

'இன்னும் தொடலியாக்கா?'

'இன்னும் இல்ல' என்றாள் குருலட்சுமி.